ஊர்க் காணியைக் காக்கும் உரிமை ஊராருக்கே

(வழுக்கையாற்றை அண்டிய ஊர்களின் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் வாசகம்.)



காணி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நெஞ்சிலே இருவர் உருவமே தோன்றுகிறது. ஒருவர் உறுதியிலே பெயருடையவர். மற்றவர் அதைப் பறிக்க வரும் அரசாங்கம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நமது அரசியல் மேடைகள் இவ்விருவரின் வழக்கையே பேசி வந்துள்ளன. அது நியாயமான வழக்கு. இனியும் பேசத்தான் வேண்டும். ஆயினும் ஒவ்வொரு காணிக்கும் மூன்றாவது வழக்காளி ஒருவர் உண்டு. உங்கள் வீட்டு உறுதியை எடுத்துப் பாருங்கள். 'கிழக்கு எல்லை இன்னாருடைய காணி' என்று எல்லை சொல்வதற்கு மட்டும் அவர் பெயர் அங்கே வரும். அவரே அயலவர். அவருக்காகப் பேசவே இன்று வந்துள்ளேன்.

இந்தக் குடாநாட்டிலே ஒருவர் தமது வளவுக்குள் செய்வது அவரோடு முடிந்துவிடுவதில்லை. வற்றாத ஆறு ஒன்றேனும் நமக்கில்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பெய்யும் மழையே நமது ஆண்டு முழுவதற்குமான முதல். அம்மழை மண்ணுக்குள் இறங்கி, வெடிப்பும் குகையும் நிறைந்த சுண்ணாம்புக் கல்லிலே தங்குகிறது. கீழே உப்பு நீர், அதன்மேல் மிதக்கும் நன்னீர்: இதுவே நம் கிணறுகளின் இரகசியம். மேலிருக்கும் நன்னீரை அளவு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு நீர் எழும். ஒரு வளவிலே மலக்குழி கசிந்தால் அடுத்த வளவுக் கிணற்றிலே அது தெரியும். தோட்டத்திலே அளவின்றிக் கொட்டிய உரம் நைத்திரேற்றாகிக் குடிநீருக்குள் வருகிறது. நிலத்தின் மேலே வேலி உண்டு, மதில் உண்டு. நிலத்தின் கீழே அவை ஒன்றுமில்லை.

நாம் கூடியிருக்கும் இவ்விடத்துக்கு அண்மையிலே ஓடும் வழுக்கையாற்றையே எடுத்துக்கொள்வோம். மாரியிலே மட்டும் ஓடுவதால் இதை ஆறென்று ஒப்புக்கொள்ளச் சிலர் தயங்குவர். தெல்லிப்பழைப் பக்கத்திலே தொடங்கி, குளத்துக்குக் குளம் வாய்க்காலாய்த் தொடுத்து, வயல்களை நனைத்து, அராலியிலே கடனீரேரியைச் சேரும் நீர்வழி இது. மேற்குளம் நிரம்பினால் வான்பாய்ந்து கீழ்க்குளம் நிரம்பும். இடையிலே ஒரு வாய்க்காலை ஒருவர் மூடினால், மேலூரிலே வெள்ளம், கீழூரிலே வறட்சி. 2008 நவம்பரிலே நிஷா புயலின்போதும், 2024 நவம்பரிலே ஃபெங்கல் புயலின்போதும் நம் ஒழுங்கைகளிலே இடுப்பளவு நீர் நின்றதைக் கண்டோம். வானத்தைக் குறை சொன்னோம். வெள்ளம் முன்பு போன வழியிலே இப்போது யாருடைய மதில் நிற்கிறது என்று எத்தனை பேர் கேட்டோம்?

என் தொழிலிலே நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். வயலோரத்திலே ஒருநாள் உழவு இயந்திரப் பெட்டி ஒன்று கிரவல் கொட்டிவிட்டுப் போகும். ஒருவரும் பேசமாட்டார். அடுத்த மாதம் பத்துப் பெட்டி. பின்பு அத்திவாரம். பின்பு மதில். மதிலும் எழுந்து, அடுத்த மாரியிலே தமது வீட்டுக்குள் வெள்ளமும் வந்த பின்னரே, அயலவர் கடதாசிக் கட்டோடு சட்டத்தரணியிடம் வருவார். "ஐயா, தடையுத்தரவு எடுக்கலாமோ?" என்று கேட்பார். வழக்கு வைக்கலாம், ஆண்டுகள் செல்லும், எனக்கும் பணம் வரும். ஆனால் முதற்பெட்டி கிரவல் விழுந்த அன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்கு நாலு கமக்காரர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போயிருந்தால், நானும் தேவையில்லை, நீதிமன்றமும் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்பலாகாது என்று தெளிவாகக் கூறுகிறது. அதே சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற கமக்காரர் அமைப்புகள் நம் ஊர்களிலே உள்ளன. அவை உரமானியத்துக்கு மட்டும் கூடுவதென்றால் சட்டத்தின் மேல் குறை சொல்லிப் பயனில்லை.

நீதிமன்றம் வேண்டாமென்று நான் கூறுவதாக எண்ணாதீர்கள். சுன்னாகத்திலே நடந்தது உங்கள் அனைவருக்கும் தெரியும். அனல் மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் இறங்கி, அள்ளிய வாளியிலே எண்ணெய் மிதந்தது. 2015இலே உயர் நீதிமன்றத்திலே அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதற்குரிய செலவைத் தாங்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டி, பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்திக் கம்பனிக்கு நீதிமன்றம் ஆணையிட்டது. இலங்கைச் சட்ட வரலாற்றிலே இது பெருந்தீர்ப்பு, சந்தேகமில்லை. ஆனால் இரண்டு விடயங்களை நாம் சிந்திக்க வேண்டும். தீர்ப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன. அந்த நான்கு ஆண்டும் மக்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்களா? மற்றது, அவ்வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றவர் தென்னிலங்கைச் சூழல் அமைப்பொன்றைச் சேர்ந்தவர். அவருக்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் வைத்தியரும் ஆசிரியரும் மலிந்த நமது மண்ணிலே, நமது கிணற்றுக்காக வழக்குரைக்கத் தெற்கிலிருந்து ஒருவர் வரவேண்டியிருந்தது என்பதை நாம் இலேசாகக் கடந்துபோகலாகாது.

தெற்கைப் பற்றிச் சொன்னதால் எப்பாவலையையும் சொல்லிவிடுகிறேன். அநுராதபுர மாவட்டத்திலே பொசுபேற்றுப் பாறை தோண்டுவதற்கு அந்நியக் கம்பனியொன்றோடு அரசாங்கம் ஒப்பந்தம் செய்யவிருந்தது. அவ்வூர்க் காணிச் சொந்தக்காரரும் ஒரு விகாராதிபதியும் அடங்கிய எழுவர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000 ஜூனிலே தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. சுற்றாடல் தாக்க மதிப்பீடு முறைப்படி நடவாமல் அத்திட்டம் மேலே செல்லலாகாது என்று தீர்ப்பளிக்கப்பட்டது. நான் கவனித்தது தீர்ப்பை மட்டுமன்று. முதல் அகழி வெட்டப்படுமுன்பே அவர்கள் எழுந்தார்கள். சுன்னாகத்திலே நாம் எண்ணெயைக் கண்ட பின் எழுந்தோம்.

இனி, முன்பே எழுவது எப்படி என்பதற்கு வருகிறேன். நம்மவரிடையே ஒரு நினைப்புண்டு: திட்டமிடுதல் என்பது கொழும்பிலே குளிரூட்டிய அறைக்குள் நடக்கும் காரியம், நமக்கு அறிவித்தல் மட்டும் வரும். இதிலே பாதி உண்மை. 1946இலே நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச் சட்டம் வந்த நாள் முதலாக, 1978இலே நகர அபிவிருத்தி அதிகார சபை பிறந்தது ஈறாக, அதிகாரம் ஒரு திசையிலேயே ஒழுகி வந்திருக்கிறது. 2013 ஏப்ரலிலே வலிகாமம் வடக்கிலே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தபோது, காணிக்காரர் தமது படலையைத் தாண்டவே அனுமதியில்லாதிருந்தனர். ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாட வேண்டியதாயிற்று. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வட மாகாணத்திலே 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணியைக் குறிப்பிட்டு, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அரச காணியாகும் என்றது. போரிலே உறுதி எரிந்தவரும், கனடாவிலே இருப்பவரும், இறந்தவரின் பிள்ளைகளும் மூன்று மாதத்திலே என்ன செய்வர்? எதிர்ப்பு எழுந்தது, அரசாங்கம் பின்வாங்க நேர்ந்தது. நல்லது. ஆனால் அந்த வர்த்தமானி வெளிவந்த வாரத்திலே அதைத் திறந்து பார்த்த ஊர்ச் சங்கம் எத்தனை?

மற்றப் பாதி உண்மை இதுதான்: சட்டத்திலே நமக்குத் திறந்த கதவுகள் உண்டு, அவற்றின் வழியே நாம் போவதில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை தன் பிரகடனப் பகுதி ஒன்றுக்கு அபிவிருத்தித் திட்டம் வரைந்தால், 60 நாட்கள் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். எவரும் எழுத்திலே ஆட்சேபிக்கலாம். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்கு 30 நாட்கள். காணி சுவீகரிப்புச் சட்டத்தின் நாலாம் பிரிவு அறிவித்தலுக்கும் ஆட்சேபனைக் காலம் உண்டு. (அவசரம் என்று சொல்லி அதைத் தாண்டிப் போகும் குறுக்குவழியும் அச்சட்டத்திலேயே உண்டு, அதை ஒழிப்பது பாராளுமன்றத்திலே செய்யவேண்டிய வேலை.) 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் பற்றிப் பலரும் பேசுவர், அதன் ஒன்பதாம் பிரிவை வாசித்தவர் சிலரே. உள்நாட்டு நிதியிலே ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமாயின், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதனாற் பாதிக்கப்படக்கூடியோருக்குத் தகவல் கொடுக்கவேண்டுமென அது கூறுகிறது. ஐந்து இலட்சம்! இன்றைய விலைவாசியிலே ஒரு மதகுகூட அதற்குள் அடங்காது. உங்கள் ஊரிலே கடைசியாகப் போட்ட வீதிக்கு அப்படி யாராவது உங்களிடம் கூறினார்களா? கூறவில்லையென்றால், ஏன் கூறவில்லை என்று தமிழிலேயே ஒரு விண்ணப்பம் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தீர்மானம் தரவேண்டும்.

ஆனால் இவையெல்லாம் எட்டத்துக் கதவுகள். கிட்டத்துக் கதவு நம் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், ஒவ்வொரு சபையும் அமைக்கவேண்டிய குழுக்களைப் பெயர் சொல்லிக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று சுற்றாடலும் வசதிகளும் பற்றிய குழு. சபை உறுப்பினரல்லாத ஊர்வாசிகளையும் குழுக்களிலே சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இதைப் பெரிதாக எண்ணுங்கள். வாக்குக் கேளாமலே, கட்சிச் சீட்டு இல்லாமலே, ஓய்வு பெற்ற நில அளவையாளரும், குளத்தை அறிந்த கமக்காரரும், வெள்ளம் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாயும் அங்கே அமரலாம். 2023 மார்ச்சிலே சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை ஈராண்டுக்கு மேலாக மக்கள் தெரிந்த சபையே இருக்கவில்லை. செயலாளர்களே ஆட்சி நடத்தினர். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலே முடிந்தபின், ஆண்டுகள் பல ஆளுநர் ஆட்சியிலே கழிந்தன. ஆதலால், நமக்குக் கிடைத்த சிறு சபையை 'குப்பை அள்ளும் சபை' என்று எள்ளுவோரோடு நான் உடன்படேன். கட்டட அனுமதி கொடுப்பது அச்சபையே. குளத்து வாய்க்காலிலே மதில் எழும்புவதும் எழும்பாமலிருப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு கையெழுத்திலே இருக்கிறது. பெரிய அதிகாரம் கேட்டுப் போராடும் இனம், கையிலிருக்கும் சிறிய அதிகாரத்தைத் துருப்பிடிக்க விடலாமா?

காணி விற்பனை அயலவரைத் தொடும் விடயம் என்பது நம் முன்னோருக்குப் புதிதன்று. 1707ஆம் ஆண்டளவிலே ஒல்லாந்தர் தொகுத்துப் பன்னிரு முதலிமார் சான்றுரைத்த தேசவழமையிலே, ஒருவர் தம் காணியைப் பிறத்தியாருக்கு விற்குமுன் வாரிசுகளுக்கும், பங்காளிகளுக்கும், அதை ஒற்றியாகக் கொண்ட அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்றிருந்தது. 1947இலே வந்த கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைப் பங்காளிகளோடும் வாரிசுகளோடும் சுருக்கிவிட்டது, அயலவர் விடுபட்டார்.

இதைச் சொன்னவுடன் சிலர் முகம் மலர்வதைக் காண்கிறேன். பழைய வழமையைத் திரும்பக் கொண்டுவந்தால் 'ஊர் ஊராயிருக்கும்' என்று அவர்கள் எண்ணக்கூடும். அவர்களுக்காகவே அடுத்ததைச் சொல்கிறேன். தேசவழமையின் அதே வாசகம் காணியையும் தோட்டத்தையும் சொல்லிவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே அடிமையையும் விற்பனைப் பொருளாகச் சொல்கிறது. 'ஊரைக் காத்தல்' என்ற பெயரிலே நம்மவர் செய்த அநியாயங்கள் பல. இன்னார் இக்கிணற்றிலே அள்ளலாகாது, இன்னாருக்கு இக்குறிச்சியிலே காணி விற்கலாகாது என்று கட்டுப்பாடு விதித்தவரும் தம்மை ஊர்க் காவலர் என்றே சொல்லிக்கொண்டனர். 1957இலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வரவேண்டியிருந்தது அதனாலேதான். அச்சட்டம் வந்து இத்தனை காலமாகியும், மேட்டுக் காணி யாரிடம், பள்ளக் காணி யாரிடம் என்று இவ்வூர்களிலே நடந்து பாருங்கள். குளத்தோரத்திலும் வாய்க்காற் கரையிலும் வெள்ளத்திலே முதலில் மூழ்கும் குடிசைகள் யாருடையவை? அவர்கள் விரும்பியா அங்கே போனார்கள்? மேட்டிலே ஒரு பரப்புக் காணி கேட்டபோது விற்க மறுத்தோம். அதனால் அங்கே போனார்கள்.

இங்கேதான் அபாயம் இருக்கிறது. நாளைக்கு ஒரு குழு அமைத்து, குளத்தைக் காப்போம், ஆக்கிரமிப்பை அகற்றுவோம் என்று புறப்பட்டால், முதலிலே கைகாட்டப்படுவது அந்தக் குடிசைகள்தான். வாய்க்காலை மூடி எழும்பிய கலியாண மண்டபமும், வயலை நிரப்பிய வர்த்தகரின் களஞ்சியமும் 'அனுமதி பெற்ற கட்டடம்' என்று நிற்கும். அப்படியொரு குழுவிலே எனக்கு வேலையில்லை. பள்ளக் காணியிலே இருப்போர் சரிபாதியாக அமராத குழு ஊர்க்குழுவாகாது. எவரையும் எழுப்ப வேண்டியிருந்தால், மேட்டிலே காணியும் வீடும் கொடுத்த பின்பே எழுப்பவேண்டும். இதை முதற்கூட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

வேறொரு கேள்வியும் என்னிடம் கேட்கப்பட்டது. "பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க வயல் மட்டுமே உண்டு, வீடு கட்டாதே என்றால் எங்கே போவோம்?" நேர்மையான கேள்வி. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரித்து, பத்துப் பரப்பு இரண்டு பரப்பாகியிருக்கிறது. வீடு வேண்டாமென்று எவரும் கூறமுடியாது. ஆனால் இதே ஊரிலே பூட்டிய வீடுகளும், முட்பற்றையாகக் கிடக்கும் மேட்டு வளவுகளும் எத்தனை? சொந்தக்காரர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்க, இங்கே வயலுக்குள் அத்திவாரம் வெட்டுகிறோம். அவ்வளவுகளின் சொந்தக்காரரோடு கடிதத் தொடர்பு கொண்டு, நீண்டகாலக் குத்தகைக்கோ நியாய விலைக்கோ பெறுவதற்கு ஊர்ச் சங்கம் முயலலாம். எல்லோரும் உடன்படமாட்டார்; பத்திலே இருவர் உடன்பட்டாலும் அத்தனை வயல் தப்பும்.

ஆகவே, முதலாவது வேலையாக ஒரு கொப்பி தொடங்கும்படி கேட்கிறேன். கட்சிக் கொப்பியன்று, ஊர்க் கொப்பி. ஒவ்வொரு கிராம அலுவலர் பிரிவுக்கும் ஒன்று. குளம், கேணி, துரவு, பொதுக்கிணறு, வெள்ளவாய்க்கால், மதகு, மேய்ச்சல் தரை, சுடலை, பாலர் பாடசாலை வளவு: இவை எங்கே உள்ளன, எவ்வளவு அகலம், இப்போது என்ன நிலை என்று எழுதுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் வரைபடத்திலே சில குளங்கள் இருக்கும். சில வாய்க்கால்கள் இரா. எண்பது வயதுக் கிழவர் கைத்தடியாலே காட்டும் வாய்க்கால் எந்த வரைபடத்திலும் இல்லாதிருக்கலாம். அவர் இருக்கும்போதே அவரை நடத்திச் சென்று, பிள்ளைகளைக் கொண்டு அளந்து, அயலவர் இருவர் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். நீதிமன்றத்திலே என்னைப் போன்றவன் நின்று பேசுவதற்கு, நூறு மேடைப் பேச்சைவிட அந்த ஒரு பக்கம் பலம் தரும். பக்கத்துக்குப் பக்கம் திகதியிட்டு, ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கும், ஒன்று பிரதேச சபைக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைகளிலே வெளிவரும் வர்த்தமானியைப் பார்ப்பதற்கும் ஆள் வேண்டும். இங்கே வந்திருக்கும் உத்தியோகத்தரும் ஆசிரியரும் முறைவைத்து அதைச் செய்யலாம். அரை மணி நேர வேலை. கமக்காரரிடம் அதைக் கேட்பது முறையன்று. அவர்களுக்கு வேறு பங்குண்டு: முதற்பெட்டி கிரவல் விழுவதை முதலிலே காண்பவர் அவர்களே.

கூட்டம் முடிந்ததும் வாசலிலே உள்ள மேசைக்கு வாருங்கள். கொப்பிகள் வாங்கி வைத்திருக்கிறோம். இந்நீர்வழியின் எந்தக் குளத்துக்கு அண்மையிலே உங்கள் வீடும் வயலும் உள்ளன என்பதைப் பெயரோடு எழுதுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், மேற்குளத்து அணைக்கட்டிலிருந்து நடக்கத் தொடங்குகிறோம். நடக்க முடியாத முதியோரை அழைத்துச்செல்ல முச்சக்கரவண்டி இரண்டு ஒழுங்கு செய்யப்பட்டிருக்கிறது. அளவு நாடா வைத்திருப்போர் கொண்டுவாருங்கள்.